பன்னிரண்டுக்கு ஒன்பது

மின்மீட்டர் கணக்கெடுக்க ஆண்டுக்கு ஒருதரம்
இந்த வீட்டின் நிலவறைக்குள் இறங்குவேன்.
வெல்மரோடே ஊரில் எல்லோருக்கும் இது
நாணயசாலைதான்,
நானூறு ஆண்டாக இங்கே ஒரு காசும் அடிக்கவில்லை என்றாலும்.

வாசல் தாழ்வு.
குனியாதவன் நெற்றி கல்லுக்குப் பதில் சொல்லும்.
படிகள் பதினேழு; ஒன்பதாவது ஆடும்.
கீழே, உலை இருந்த மூலையில்
எத்தனை முறை வெள்ளையடித்தாலும்
கரி மேலே வந்துவிடுகிறது.

வெள்ளையடிப்பது இவ்வீட்டின் பழைய தொழில்.
செம்பு மிகுந்த சில்லுகளை
உப்பும் மதுப்பீப்பாய்ப் படிவும் இட்டு
கொப்பரையில் வேகவைத்தால்
தோலிலிருந்து செம்பு விலகி
வெள்ளி மட்டும் பல்லைக் காட்டும்.
டீடெக்கே அதைக் கண்டுபிடிக்கவில்லை.
பழகிக்கொண்டான், அவ்வளவுதான்.

அவன் அடித்த காசு வெங்காயச் சருகு.
ஒரு பக்கம்தான் முத்திரை:
முன்னால் பிரபுவின் முகம்,
பின்னால் அதே முகத்தின் பள்ளம்.
பையில் போட்டு வேகமாய் நடந்தால் நொறுங்கும்.

ஆண்டுக்கு இருமுறை, சந்தை கூடும் நாளில்,
கையிலிருப்பது செல்லாக்காசு ஆகும்.
பன்னிரண்டு கொடு, ஒன்பது வாங்கு.
மூன்று எங்கே என்று கேட்டவர்களுக்குக்
கோட்டையின் புதுக்கூரை காட்டப்பட்டது.

மீன்காரி கேஸெக்கே மாற்ற வரவில்லை.
ஹெர்ரிங் பீப்பாயின் அடியில், உப்புநீருக்குள்
நாற்பது காசை ஒளித்தாள்.
சேவகர்கள் பீப்பாயைக் கவிழ்த்தபோது
எல்லாம் கறுத்துச் செதிலோடு ஒட்டி
எது மீன் எது பிரபு என்று தெரியவில்லை.
அபராதம் நாற்பத்தெட்டு.
புதுக்காசில்.

பிறகு, பல தலைமுறை கழித்து, பெரிய போர்.
சுரங்கத்திலிருந்து வெள்ளி வரவில்லை.
சட்டிகள் வந்தன, குத்துவிளக்கின் கால்கள் வந்தன,
விரிசல் விட்ட தேவாலய மணி ஒன்றும்.
ஒரே வாரத்தில் வெள்ளை உரிந்து
சிப்பாயின் கையில் சம்பளம் சிவந்தது.
காணிக்கைப் பெட்டியில் விழுந்ததைப் பாதிரியார்
தெருவில் எறிந்தார்.
பிள்ளைகள் பொறுக்கிச் சில்லு விளையாடினார்கள்.
அன்றிரவு ஜன்னல்கள் உடைந்தன.
நாணயசாலையில் இல்லாதது
நாணயம் மட்டும்தான் என்று
கதவில் யாரோ கரியால் எழுதினார்கள்.
கணக்குப் புத்தகத்தில் அந்தப் பக்கங்கள் இல்லை.

உப்புக்கிடங்கு. பெண்பிள்ளைகள் பள்ளி. உருளைக்கிழங்கு.
யார் வீட்டினவோ என்று யாரும் கேட்காத
நாற்காலிகளும் பியானோக்களும் நிறைந்த ஒரு குளிர்காலம்.
அதைப்பற்றி இன்றும் மெதுவாகத்தான் பேசுகிறார்கள்.
அப்புறம் சேமிப்பு வங்கி.

தொண்ணூறாம் ஆண்டு. கோடை.
எனக்கு ஒன்பது வயது.
வரிசை இந்த வாசலில் தொடங்கி
நீரூற்றைச் சுற்றிக்கொண்டு போனது.
இவ்வளவு வரை ஒன்றுக்கு ஒன்று,
அதற்கு மேலே இரண்டுக்கு ஒன்று.
அப்பா விரல்களில் கணக்குப் போட்டார்,
விரல் போதாமல் என் விரல்களையும் இரவல் வாங்கினார்.
நான் கையில் பிடித்திருந்த அலுமினிய மார்க்கைத்
தண்ணீரில் போட்டுவிட்டேன்.
மூழ்க மனமில்லாமல்
இலை போல் ஆடி ஆடி இறங்கியது.
அப்பா திட்டவில்லை.
"மேலே போனதில் அதையும் சேர்த்துக்கொள்வோம்" என்றார்.

இப்போது முதல் மாடியில் பல் மருத்துவர் ஃபென்ஸ்கே.
என் கடைவாய்ப் பல்லில் பழைய வெள்ளி அடைப்பு.
எடுத்துவிட்டு வெண்மையாக ஒன்று வைக்கலாம், என்கிறார்.
"கொஞ்சம் பல்லும் சேர்ந்து போகும். சிறிதுதான்."
இருக்கட்டும் டாக்டர், என்றேன்,
வாய் நிறையப் பஞ்சோடு.

டார்ச் வெளிச்சத்தில் எண்ணை எழுதுகிறேன்:
நாற்பத்தோராயிரத்து இருநூற்றேழு.
மற்ற வீடுகளில் ஒருதரம் பார்ப்பேன்.
இங்கே இரண்டுதரம்.